மணி அடிச்சா கையில உள்ளதப் போடு

ஏட்டி மெல்பா, காலைத் தூக்கி என் மேல போடாத, கனக்குது. அத்தை வருசத்துக்கு ஒரு வாரந்தான் மடத்துலேர்ந்து லீவுல வாரேன், அதுலயும் உன்கிட்ட உதை வாங்கியே இடுப்பு போச்சு. போர்வைய இழுத்துக்கோ. என்ன கேட்ட? மடத்துல மணி அடிச்சா சிஸ்டர்மாரெல்லாம் ஏன் ஓடுறாங்கன்னா? அதுக்கு ஒரு கதை இருக்கு. 'ம்' கொட்டணும், கொட்டாட்டி பாதியில நிறுத்திப்புடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு தேரிக்காடு. தேரின்னா செக்கச்செவேல்னு மணல், மேடு மேடா, கண்ணுக்கு எட்டுன மட்டும் அதுதான். அங்கங்க பனைமரம். ஆடிக்காத்து 'உஸ்ஸ்ஸ்'னு அடிச்சா மணல் எந்திரிச்சு நடக்கும். இன்னைக்கு இங்கன இருக்குற மேடு நாளைக்கு அங்கன இருக்கும். அந்தக் காட்டுக்குள்ள தன்னந்தனியா போயி உக்காந்தான் ஒரு மனுசன். பேரு தொம்மை.

"ம்."

கடற்கரையில மீன் ஏலம் விடுற ஆளு அவன். விடிஞ்சா அடைஞ்சா கத்துறதுதான் வேலை. ஒரு நாளு பாத்தான். 'அட, இம்புட்டுக் கத்துனா சாமி கூப்பிட்டாக்கூட எனக்குக் கேக்காதே'ன்னு தோணிட்டு. ஒரு பாய், ஒரு பானை, ஒரு செபப் புத்தகம். எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு நடந்துட்டான். இவன் ஒண்ணும் புதுசாச் செய்யலட்டி. ஆதியில எகிப்துன்னு ஒரு தேசத்துல, இப்படித்தான் மணல்காட்டுக்குள்ள ஒத்தை ஒத்தையாப் போயி உக்காந்தாங்க சாமியாருமாரு. குகையில ஒருத்தரு, குழியில ஒருத்தரு. பெட்டி முடைஞ்சு வித்து, காஞ்ச ரொட்டியத் தின்னுக்கிட்டு.

அப்புறம் என்ன ஆச்சு? நிம்மதியா இருக்கணும்னு ஒருத்தன் ஓடுனா, நாலு பேரு பின்னாலயே வாராங்க. எகிப்துலயும் அப்படித்தான், தேரியிலயும் அப்படித்தான். மொதல்ல மிக்கேல்னு ஒருத்தன் வந்தான். "அண்ணாச்சி, நானும் இங்கன இருந்துக்கிடட்டா?" அப்புறம் இஞ்ஞாசி வந்தான். அப்புறம் சவரின்னு ஒரு பனையேறி வந்தான். மரத்துல ஏறுனா அணிலு, தண்ணியப் பாத்தா மட்டும் கைகாலு உதறும். நீந்தத் தெரியாது அவனுக்கு.

நாலு பேரு ஆனதும் தொம்மைக்குத் தாடியும் நீண்டுட்டு, அதனால இனிமே அவன் இல்ல, அவரு. சரியா?

"ம்."

நாலு பேரு சேந்தா என்ன நடக்கும்? சண்டை. கஞ்சி யாரு காய்ச்சுறது, கொறட்டை விடுறது யாரு, செபத்துக்குப் பிந்தி வந்தது யாரு. தொணதொண தொணதொணன்னு. தொம்மைக்கு ஏலக்கடையே தேவலன்னு ஆயிட்டு. அப்போ அவரு ஒரு சட்டம் போட்டாரு. ஒடஞ்ச தோணியிலேர்ந்து கெடைச்ச மணி ஒண்ணப் பனையில தொங்கவிட்டாரு. வேளாவேளைக்கு அவரேதான் அடிப்பாரு. "இந்த மணி அடிச்சா சாமி கூப்பிடுதுன்னு அர்த்தம். கையில உள்ளதப் போட்டுட்டு, பேச்சு மூச்சில்லாம நம்ம ஓலைக் கோயிலுக்கு வரணும். உள்ள வந்துட்டா செபம் முடியிற மட்டும் எந்திரிக்கக் கூடாது. யாரும். எதுக்கும்."

"சரி அண்ணாச்சி"ன்னாங்க மூணு பேரும்.

நல்ல சட்டந்தான். சண்டை போயிட்டு. ஆனா இவனுங்க இருக்கானுங்களே, சொன்னாச் சொன்னபடி!

ஒரு நாளு இஞ்ஞாசி, மிக்கேலுக்கு மொட்டை அடிக்கான். சரக் சரக்... பாதித் தலை ஆயிருக்கு. மணி 'டாங் டாங்'. கத்தியப் போட்டான், ஓடிட்டான். மிக்கேலும் ஓடிட்டான். கோயில்ல நிக்கான், இந்தப் பக்கம் மொட்டை, அந்தப் பக்கம் காடு. சிரிக்காதட்டி, தூக்கம் போயிரும்.

இன்னொரு நாளு சவரி பதனி காய்ச்சுதான். கொதகொதன்னு பாகு திரண்டு வருது, இன்னும் ரெண்டு கிண்டு கிண்டுனா கருப்பட்டி. மணி 'டாங் டாங்'. அகப்பையப் போட்டான், ஓடிட்டான். திரும்பி வந்து பாத்தா சட்டியில கரி. தொம்மை அதப் பாத்து, "பாத்தீங்களா, இதுதான் கீழ்ப்படிதல்"னு பூரிச்சுப் போயிட்டாரு. கரியப் பாத்துப் பூரிச்ச மனுசன ஒலகத்துலயே அன்னைக்குத்தான் கண்டாங்க.

"ம்... அப்புறம்?"

அப்புறம் தண்ணிக் கஷ்டம் வந்துட்டு. ரெண்டு மைலு நடந்து கொடத்துல தூக்கியாரணும். தேரியில ஊத்து கண்டாத்தான் மடம் நெலைக்கும், இல்லன்னா ஆளாளுக்கு ஊரப் பாக்கப் போகவேண்டியதுதான். அதனால கெணறு தோண்டுனாங்க. மணலு சரியாம இருக்க உள்ளுக்குள்ள பனந்தடிய வச்சு முட்டுக் குடுத்து, பைய பைய. அஞ்சு ஆளு ஆழம், ஆறு ஆளு ஆழம். ஈரம் இருக்கு, தண்ணியக் காணோம்.

அன்னைக்கு உள்ள எறங்குனது சவரி. இடுப்புல கயிறு. மத்தியானம் வரைக்கும் தோண்டிட்டு, "ஏ, தூக்குங்கப்பா!"ன்னான். மேல இஞ்ஞாசியும் மிக்கேலும் 'ஏலே இழு, ஏலே இழு'ன்னு இழுக்காங்க. சவரி கடப்பாரையக் கையில பிடிச்சுக்கிட்டு அந்தரத்துல ஆடிக்கிட்டு வாரான். பாதிக் கெணறு ஏறிட்டான்.

மணி 'டாங் டாங்'.

என்ன செஞ்சிருப்பாங்க சொல்லு?

"கயித்த... விட்டுட்டாங்களா?"

விட்டுட்டாங்கட்டி! கையில உள்ளதப் போட்டுட்டு, பேச்சு மூச்சில்லாம, ரெண்டு பேரும் ஓடிட்டாங்க! 'தொபுக்கடீர்'! சவரி விழுந்தான், கூடவே கயிறும் விழுந்துட்டு. கீழ ஈர மணலு, அதனால எலும்பு தப்பிச்சுது. ஆனா கடப்பாரை செங்குத்தா எறங்கி 'நச்'சுன்னு குத்துச்சு பாரு, அடியில 'கொளக்'னு ஒரு சத்தம். 'கொளக் கொளக்'. ஊத்து ஒடஞ்சிட்டு. எதுக்காக இத்தனை நாளு தோண்டுனாங்களோ அந்தத் தண்ணி. அது மொழங்காலுக்கு ஏறுது, தொடைக்கு ஏறுது. அவனுக்கோ நீந்தத் தெரியாது.

அங்க கோயில்ல மூணு பேரும் பாடுறாங்க. என்ன பாட்டு தெரியுமா? குழியில கெடக்கவன் கூப்பிட்டா காது குடு சாமின்னு ஒரு பாட்டு. கண்ண மூடிக்கிட்டு உருகி உருகிப் பாடுறாங்க. யாரு வந்தா, யாரு வரலன்னு தொம்மை எண்ணிக்கூடப் பாக்கல.

கெணத்துலேர்ந்து சவரி கத்துனான், "ஏ... யாராச்சும் வாங்க!"

தொம்மை காதுல விழுந்துச்சு. 'காத்துச் சத்தம்'னு விட்டுட்டாரு.

தண்ணி இடுப்புக்கு ஏறிட்டு. ரெண்டாவது கத்துனான், "அண்ணாச்சி! தண்ணி வந்துட்டு!"

தொம்மைக்கு வேர்த்துட்டு. 'செபத்தக் கெடுக்கப் பிசாசு இப்படித்தான் தெரிஞ்ச கொரலுல கூப்பிடும். அசையக் கூடாது'ன்னு புத்தகத்த இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. மிக்கேலு கண்ணத் தொறந்து அவரப் பாக்கான். இஞ்ஞாசியும் பாக்கான். கயித்த விட்ட கையப் பாத்துக்கிடுறாங்க ரெண்டு பேரும். ஆனா எந்திரிக்கக் கூடாதே. சட்டம் போட்டவரு உக்காந்திருக்காரே.

எனக்கு இந்த எடத்துல அந்த மனுசன் மேல வார கோவம் இருக்கே, மெல்பா! காதக் கடிச்சுப்புடலாம் போல இருக்கும்.

தண்ணி நெஞ்சுக்கு ஏறிட்டு. மூணாவது கொரலு வந்துச்சு. இப்ப கத்தல் இல்ல. சின்னப் பிள்ளை மாதிரி, "தொம்மே... பயமா இருக்கு"ன்னான்.

அவ்வளவுதான். பிசாசுக்கு எப்பவாச்சும் பயமா இருக்குமா? தொம்மை செபப் புத்தகத்தத் தூக்கி எறிஞ்சாரு. 'பொத்'துன்னு எங்கயோ விழுந்துச்சு. எந்திரிச்ச வேகத்துல விளக்கு சாஞ்சுது, முக்காலி உருண்டுச்சு. தடதட தடதடன்னு மூணு பேரும் ஓடுறாங்க. கயிறு இல்ல! இஞ்ஞாசி மணிக்கயித்த அறுத்தான், மிக்கேலு தண்ணிக்கொடம் கட்டுற கயித்த அவுத்தான், முடிஞ்சு போட்டு உள்ள விட்டாங்க. சவரி கழுத்தளவு தண்ணியில பிடிச்சான். 'ஏலே இழு! ஏலே இழு!' கை தோலு உரியுது. விடல.

மேல வந்து விழுந்தான். தலையிலேர்ந்து காலு வரைக்கும் செம்மண்ணு. மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டான் பாரு, "செபம் முடிஞ்சுட்டா அண்ணாச்சி?"

தொம்மை அவன் காலப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாரு. "சாமி கூப்பிடுறது கேக்கணும்னுதான்டா ஊர விட்டு வந்தேன். அது மூணு தடவ கூப்பிட்டுட்டு, நான் காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேனே!" சவரியும் அழுதான், அவனுக்குக் குளிரு வேற.

"ம்... செத்துப் போகலல்ல?"

சாகலட்டி. எழுவது வயசு வரைக்கும் பனை ஏறுனான். மடமும் நெலைச்சுது. அந்தத் தண்ணிய வச்சுத் தோட்டம் போட்டாங்க, வழிப்போக்கனுக்குக் கஞ்சி ஊத்துனாங்க, ஊருப் பிள்ளையளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தாங்க. மணி சட்டமும் இருந்துச்சு. ஆனா தொம்மை ஒண்ணு சேத்தாரு. மணி அடிச்சதும் நேரா உள்ள போகக் கூடாது. வாசல்ல நின்னு ஒவ்வொருத்தன் பேரா அவரு கூப்பிடுவாரு. "மிக்கேலு?" "இருக்கேன்." "இஞ்ஞாசி?" "இருக்கேன்." "சவரி?" "இருக்கேன் அண்ணாச்சி." ஒருத்தன் கொரலு கொறைஞ்சாலும் செபம் கெடையாது. போயித் தேடணும்.

இப்ப எல்லாரு சட்டைப்பையிலயும் ஒரு மணி கெடக்கு. உங்கப்பன் இருக்கானே என் தம்பி, நீ பள்ளிக்கூடத்துல நடந்தத ஆசையாச் சொல்லிக்கிட்டு இருப்ப, அது 'டிங்'குன்னும். உன்னப் பாதிக் கெணத்துல விட்டுட்டு ஓடிருவான். அவனுக்கு வாசல்ல நின்னு பேரு கூப்பிட ஆளு இல்ல, பாவம். நாளைக்கு வண்டி ஏறுறதுக்கு முந்தி அவன் காத நான் திருகிட்டுத்தான் போவேன்.

எங்க மடத்துல நாங்க ஒம்பது பேரு. மணி அடிச்சா ஓடத்தான் செய்வோம். ஓடிப்போயி வாசல்ல ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிடுவோம். பிலோமி சிஸ்டருக்குக் காது கேக்காது, அவங்களத் தோளத் தொட்டுக் கூப்பிடுவோம்.

"அத்தை... என்னையும் கூப்பிடுவீங்களா?"

தெனமும் கூப்பிடுவேன் தங்கம். ஒம்பது பேரு முடிஞ்சதும் மனசுக்குள்ள பத்தாவதா. இப்படித்தான். மெல்பா?

"...இருக்கேன்."

ம். எல்லாரும் இருக்கோம். கதை கரையேறிட்டு, கண்ண மூடு.