லெர்க்காவின் விடுபட்ட மூன்று ஆண்டுகள்

நார்வேயின் தென்கரையில் மரப்படகுகளைச் செப்பனிடும் பட்டறை ஒன்று இருந்தது. சொல்வெய் என்ற பெண்மணி அங்கே குரு. சீடர் ஹால்வர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த ஊரில் குருவையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஹால்வர் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிவிடுவார்.

அந்த வசந்தத்தில் லெர்க்கா என்ற பந்தயப் பாய்மரப் படகு பட்டறைக்கு வந்தது. அதற்குத் தொண்ணூறு வயது. கடலில் இறக்கும் நாளன்று ஊரார் முன்னால் அதன் வரலாற்றை வாசிக்க வேண்டும் என்று உரிமையாளர் கேட்டிருந்தார். ஹால்வரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆகவே அதை எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது.

படகைக் கடலில் இறக்கும் நாள் காலையில் ஹால்வர் தாளை நீட்டினார். சொல்வெய் நின்றபடியே படித்தார். பைன் மரத்தால் படகைச் செய்த சகோதரர்கள் அந்தத் தாளில் இருந்தார்கள். முதல் கோடையிலேயே வென்ற கோப்பை இருந்தது. போர்க்காலத்தில் எதிரி கண்ணில் படாமல் வைக்கோலுக்கு அடியில் அதை ஒளித்துவைத்த விவசாயியும் இருந்தார்.

“நல்லா வந்திருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறுல இருந்து எண்பத்தெட்டு வரைக்கும் படகு யார்கிட்ட இருந்தது?”

“அது... தெரியல.”

“வைக்கோல்ல மறைச்சவரோட பொண்டாட்டி பேரைக்கூடக் கண்டுபிடிச்சிருக்கீங்க. இது மட்டும் தெரியலையா?”

ஹால்வரின் முகம் வெளுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் பட்டறையை விட்டு அனுப்பிவிடுவார். அறுபத்தேழு வயதில் யார் இவரைச் சேர்த்துக்கொள்வார்கள்? அதைவிட, லெர்க்காவை இனி தொட முடியாதே என்பதுதான் பெரிய கவலை.

“என்கிட்டதான் இருந்தது,” என்றார்.

சொல்வெய் தாளை மேசையில் வைத்தார். ஹால்வர் மேலே சொன்னார்.

“குளிர்காலம் முழுக்கக் கரையில நின்னு மரம் காய்ஞ்சிருந்தது. பலகைக்குப் பலகை இடைவெளி. தண்ணியில விட்டா முதல்ல ஒழுகும், நாலு நாள் பொறுத்தா மரமே ஊறி அடைச்சுக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை பந்தயம். பொறுக்க முடியல. இறுகிப்போற பசையைப் போட்டு எல்லா இடைவெளியையும் அடைச்சுட்டேன்.”

“மரம் ஊறியிருக்குமே.”

“ஊறிச்சு. விரியறதுக்குத்தான் இடமில்ல. உள்ள பலகையைத் தாங்கற விலாக்கட்டைங்க படபடன்னு முறிஞ்சுது. பதினொண்ணு.”

“பன்னெண்டு. ஒண்ணு உங்க கண்ணுல படல.”

“வெட்கத்துல படகைக் கரையிலயே போட்டுட்டு ஊரை விட்டுப் போயிட்டேன். நீங்க அதைச் சரிபண்ணினீங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுக் கேள்விப்பட்டுதான் இங்க வந்து சேர்ந்தேன். சொல்றதுக்கு வாய் வரல.”

ஹால்வர் தம் கருவிப்பெட்டியைத் தூக்கினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடறேன்.”

“உக்காருங்க.”

சொல்வெய்யின் கண்கள் கலங்கியிருந்தன.

“அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலைன்னு ஒவ்வொரு பட்டறையிலயும் துரத்தினாங்க. லெர்க்கா தேறாதுன்னு யாருமே அதைத் தொடல. அதனால பழைய சொந்தக்காரர் பேர்கூட இல்லாம என் கைக்கு வந்தது. பன்னெண்டு கட்டையையும் ஆவியில வேகவெச்சு வளைச்சு மாட்டினேன். முடிச்சப்ப தொழில் கைக்குள்ள இருந்தது. உடைச்சது யாருன்னு தெரியாமலே இத்தனை வருஷமா அந்த ஆளுக்கு மனசுக்குள்ள நன்றி சொல்லிட்டு இருக்கேன்.”

ஹால்வர் மெல்லப் பெட்டியைக் கீழே வைத்தார். பேனாவை எடுத்தார். 

“என்ன எழுதறது, சொல்வெய்?”

“நடந்ததை எழுதுங்க. விலாக்கட்டைகளை முறித்தவர் ஹால்வர். அடுத்த வரியில, அவரே சொல்வெய்யின் முதல் குருன்னு போடுங்க.”