ஓர் உள்ளங்கை நிலம்

ஆற்று வெள்ளத்தில் கீழத்தெரு முழுக்க மூழ்கிப்போனது. குடிசை போட மேட்டுத்தோப்பைக் கேட்டு ஜனங்கள் அரண்மனை வாசலில் நின்றார்கள். வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. ஜமீன்தார் கந்தவேல் பூபதிக்கோ, விருந்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரக் கலெக்டரிடம் தன் தாராளத்தைக் காட்ட ஆசை. ஜமீனின் நிலப்படத்தைக் கூடம் நிறைய விரிக்கச் சொன்னார்.

"யாராவது ஒருத்தர் இதுல உள்ளங்கையை வைங்க. கைக்கு அடியில இருக்கிற நிலம் உங்களுக்கு."

அந்தப் படத்தில் ஒரு கிணறே தாம்பாளம் அளவு இருந்தது. கை வைத்தால் மாட்டுக்கொட்டில்கூடத் தேறாது.

குதிரை லாயம் கூட்டும் பேச்சாயி முன்னால் வந்தாள். ஓரிடத்தில் நிற்காமல் படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. "சீக்கிரம் புள்ளே!" என்று வாசலில் குரல்கள் தவித்தன.

"என்னடி, பூமியை வலம் வர்றியா?" என்று சிரித்தார் ஜமீன்தார்.

"வேற படத்துல வைக்கலாமா சாமி?"

"எதுல வேணும்னாலும் வை. படம் மாறினா நிலம் மாறிடுமா?"

பேச்சாயி விறுவிறுவென்று போய், சுவரில் தொங்கிய உலகப் படத்தில் கையைப் பதித்தாள். இமயம் முதல் குமரி வரை மறைந்துபோனது.

"அடியே, அது சின்னப் படம்!"

"நிலம் அதேதானே சாமி? உங்க அரண்மனையும் கலெக்டர் தொரை கச்சேரியும் அடியில மாட்டிக்கிச்சு. மேட்டுத்தோப்பை எழுதிக் குடுங்க, கையை எடுத்துடறேன்."

கலெக்டர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். "பூபதி, சீக்கிரம் எழுதும். என் ஜில்லாவும் அங்கேதான் இருக்கிறது."

பத்திரத்தில் மை காயும்வரை பேச்சாயியின் மணிக்கட்டு இலங்கையை விட்டு நகரவில்லை.