நான்காவது வழியனுப்பு விருந்து

முள்மரங்களே மிகுந்திருந்த ஒரு காட்டில், இருட்டிய பிறகு ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. சர்ர்ர்... சரக். சர்ர்ர்... சரக்.

வளைக்குள்ளே நெல்லி என்ற வெள்ளெலி தன் குஞ்சை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பாம்போ? சத்தம் வாசல்வரை வந்து நின்றது.

பாம்பு இல்லை. பெருச்சாளி மாமா. தன்னைவிடப் பெரிய தேக்கிலை ஒன்றை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"நெல்லி! அனுமதி வந்துவிட்டதாமே! போன விருந்தில் எனக்குப் போட்ட இலை சின்னதாகிவிட்டது. அதுதான் நானே ஒன்று கொண்டுவந்துவிட்டேன்" என்றார்.

நெல்லிக்குப் பயம் போன இடத்தில் எரிச்சல் வந்து உட்கார்ந்தது.

ஏன் எரிச்சல் என்று கேட்கிறீர்களா, குழந்தைகளே? அந்தக் காட்டில் கோடை வந்தால் குளம் வற்றிப்போகும். போன கோடையில் தண்ணீர் தேடிப் போன பக்கத்து வளை எலிகள் திரும்பி வரவே இல்லை. அதனால் நெல்லியும் அவள் கணவன் வரகனும், ஆற்றுக்கு அப்பால் இருந்த பச்சைக் காட்டில் குடியேற மனுப் போட்டிருந்தார்கள். அந்தக் காட்டில் ஒரு விதி உண்டு. குடியேற வருகிறவர்கள் ஒன்பது குடுக்கை தானியத்தோடு வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் திரும்பிப் போகவேண்டியதுதான்.

நெல்லி வயல் வயலாக அலைந்து பன்னிரண்டு குடுக்கை நிரப்பினாள். "ஒன்பது அங்கே காட்ட. மூன்று, காத்திருக்கும் காலத்துக்கு" என்றாள்.

வரகனோ பெருமைக்காரன். பச்சைக் காட்டுக் கடிதங்களை ஆமை கொண்டுவரும். கடிதத்தில் வட்டமாக ஒரு முத்திரை இருந்தால் போதும், மீதியைப் படிக்காமலே குளக்கரைக்கு ஓடிவிடுவான்.

முதல் கடிதம் வந்தது. "அனுமதி வந்தாச்சு! எல்லாரும் விருந்துக்கு வாங்க!" என்று கூவினான். ஒரு குடுக்கை காலியானது. எல்லாரும் போன பிறகு நெல்லி கடிதத்தைப் படித்தாள். 'உங்கள் மனு கிடைத்தது' என்று இருந்தது.

இரண்டாவது கடிதத்துக்கும் ஒரு விருந்து. 'உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.'

மூன்றாவது கடிதத்துக்கும் ஒரு விருந்து. 'குஞ்சின் இடது பின்கால் அச்சு தெளிவாக இல்லை. மறுபடி அனுப்பவும்.' அன்றும் பெருச்சாளி மாமா நான்கு தடவை வாங்கிச் சாப்பிட்டு, கண் கலங்கி, "போய் வாருங்கள், எங்களை மறந்துவிடாதீர்கள்" என்று விடைகொடுத்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில், "போகத்தானே போகிறோம், இனி எதற்கு நெல் பொறுக்கணும்?" என்று வரகன் வயலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டான். அன்றாடச் சாப்பாட்டுக்கு நெல்லிதான் குஞ்சை முதுகில் சுமந்துகொண்டு போனாள். இப்போது வளையில் இருந்தவை சரியாக ஒன்பது குடுக்கை.

மாமாவை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள் நெல்லி.

"என்னங்க, இன்றைக்கு ஆமை வந்ததா?"

வரகன் மீசையை முறுக்கினான். "மத்தியானமே வந்தது. இந்தத் தடவை இரண்டு முத்திரை!"

"படித்தீர்களா?"

"இரண்டு முத்திரை இருக்கும்போது படிக்க என்ன இருக்கிறது?"

நெல்லி கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். 'உங்கள் மனு அடுத்த மேசைக்கு நகர்த்தப்பட்டுள்ளது. காத்திருக்கவும்.'

"மேசை மாறியதற்கெல்லாமா விருந்து வைப்பார்கள்?"

"மெல்லப் பேசு! ஊரையே கூப்பிட்டுவிட்டேன். இல்லை என்று சொன்னால் நம்மை யார் மதிப்பார்கள்?"

"இன்றைக்கு ஒரு குடுக்கையைத் திறந்தால் எட்டுதான் மிஞ்சும். எட்டோடு போனால் ஆற்றங்கரையிலேயே நம்மைத் திருப்பிவிடுவார்கள். அப்புறம் கோடையில் இந்தக் குஞ்சை எங்கே கொண்டுபோய் வைப்பது? சொல்லுங்கள்."

"அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்."

இதற்குள் வாசலில் குரங்கும் வந்துவிட்டது. அதன் தோளில் ஒரு புளி மூட்டை. "நெல்லி அக்கா, அக்கரையில் என் சித்தி மகன் இருக்கிறான். போகும்போது இதை அவனிடம் கொடுத்துவிடுங்கள். சின்ன மூட்டைதான்" என்றது. அந்த மூட்டைக்குள் நாற்பது எலிகள் குடியிருக்கலாம்.

நெல்லி கத்தவில்லை. ஒரு நாவல்பழத்தை நசுக்கிச் சாறு எடுத்தாள். ஓர் ஆலிலையையும் எடுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"வாருங்கள் மாமா, வா தம்பி. சாப்பாடு போடலாம். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. அனுமதி இன்னும் வரவில்லை. அது வரும் நாளில் நாங்கள் ஒன்பது குடுக்கை காட்டவேண்டும். இன்றைக்கு விருந்து வைத்தால் ஒன்று குறையும். அந்த ஒன்றுக்கு நீங்கள் ஜாமீன் நிற்பதாக இந்த இலையில் கால் பதித்துவிடுங்கள். சொந்தக்காரர் உங்களைவிட்டால் எங்களுக்கு வேறு யார்?"

பெருச்சாளி மாமாவின் மீசை அசைவதை நிறுத்தியது.

"ஜாமீனா? அது... இன்றைக்கு அமாவாசை ஆயிற்றே, மருமகளே. அமாவாசையில் நான் எதிலும் கால் பதிப்பதில்லை."

"உங்கள் தலைக்கு மேலே நிலா நிற்கிறது, மாமா."

மாமா மேலே பார்த்தார். நிலா நன்றாக வட்டமாக நின்றது.

"அட, நேரமாகிவிட்டதே!" என்று இலையைக் கவ்விக்கொண்டு கிளம்பினார்.

"தம்பி, நீயாவது?" என்று குரங்கைப் பார்த்தாள் நெல்லி.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அக்கா."

"எழுத வேண்டாம். காலை வைத்தால் போதும்."

"என் கால் என்னிடம் கேட்காமல் எதிலும் வைக்காது... இல்லை, நான் காலிடம் கேட்காமல்..." என்று உளறிக்கொண்டே குரங்கு புளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் தாவியது.

தூரத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "கஞ்சப் பிறவிகள்! ஒரு வேளைச் சோற்றுக்கு ஜாமீன் கேட்கிறார்கள்! இதுகள் அக்கரைக்குப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன?"

நெல்லி உள்ளே வந்தபோது வரகன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். "மானமே போய்விட்டது, நெல்லி."

"போகட்டும். மானத்தை அந்தக் கரையில் யாரும் கேட்கமாட்டார்கள். குடுக்கையைத்தான் கேட்பார்கள்."

வரகன் மிஞ்சிய குடுக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "மாமா மூன்று விருந்து சாப்பிட்டார். ஒரு குடுக்கைக்குக் காலைப் பதிக்க மாட்டேன் என்கிறாரே."

குஞ்சு தூக்கத்தில் தும்மியது. நெல்லி அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அப்போது வாசல் பக்கம் ஒரே ஆரவாரம். முயல் தன் பிள்ளைகள் ஏழு பேரோடு வந்து நின்றது.

"வரகா! உன்னைப்போல தாராள மனசு இந்தக் காட்டிலேயே யாருக்கு உண்டு? வழியனுப்ப வந்திருக்கிறோம். விருந்து முடிந்துவிடவில்லையே?"

வரகனின் மீசை மெல்ல நிமிர்ந்தது. அவன் எழுந்தான். நெல்லி குடுக்கைகளுக்கு முன்னால் வந்து நின்றாள். இதோ, குடுக்கையைத் திறக்கப்போகிறான், "வாங்க வாங்க" என்று சொல்லப்போகிறான்.

வரகன் வாசலுக்குப் போனான். "நாங்கள் இன்னும் போகவில்லை, அண்ணே. போகும்போது சொல்லி அனுப்புகிறேன்" என்றான். கதவைச் சாத்தினான். உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டான்.

நீதி: அனுமதி வருமுன்னே விருந்து வைத்தால், அது வரும் நாளில் கை வெறுங்கையாக இருக்கும்.