சாளைக்காரருக்குப் பாடிய கம்பி

ஐடா டீச்சர் வீட்டுக் கதவை மெல்கியோர் தட்டவில்லை, இடித்தார்.

தோளில் கிட்டார், கையில் போன். முகம் அவித்த நண்டு மாதிரி சிவந்திருந்தது.

“டீச்சர், இவன என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க.”

“எவன?”

“கிட்டாருக்குக் கம்பி கட்டுத அந்தச் சேசடிமைய!”

மெல்கியோர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. டீச்சருக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். ஆனாலும் கிட்டாரை மடியில் கிடத்தி வாசிக்கச் சொல்லித்தரத் தூத்துக்குடியில் அவருக்குக் கிடைத்த ஒரே குரு ஐடா டீச்சர்தான்.

அது சாதாரணக் கிட்டார் இல்லை. வயிற்றுக்குள் தகடுக் கூம்பு வைத்தது. தட்டினால் சோற்றுப்பானை மாதிரி ‘ணங்’ என்னும். விரலால் அமுக்காமல், ஒரு இரும்புக் கட்டையைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்க வேண்டும். இருக்கிற ஆறு கம்பி போதாதென்று, அடியில் இன்னும் பன்னிரண்டு கம்பி கட்டித்தரச் சொல்லிச் சேசடிமை கடையில் கொடுத்திருந்தார் மெல்கியோர். அந்தப் பன்னிரண்டையும் யாரும் தொடுவதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு சுரத்துக்கு முறுக்கி வைத்திருக்கும்; மேல்கம்பியில் அதே சுரம் சரியாக விழுந்தால், அது தானாகவே அதிரும்.

“‘அண்ணே, நீங்க மேல வாசிங்கண்ணே, கீழ தன்னால பாடும்ணே’ன்னான்.” மெல்கியோர் மூக்கால் பேசிக் காட்டினார். சேசடிமையே வந்து நின்று தலையைச் சொறிகிற மாதிரி இருந்தது. “பாடுதா? பன்னெண்டும் வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டுல்லா கிடக்கு!”

“வாசிங்க, கேப்போம்.”

வாசித்தார். இரும்பு வழுக்கியது. ஒவ்வொரு சுரத்துக்கும் மெல்கியோரின் கை கிடுகிடுவென்று ஆடியது. மாதா கோயில் பாடகர் குழுவில் அந்த ஆட்டத்துக்குப் பெரிய பேர். ‘உருக்கிட்டீங்கண்ணே’ என்று கண்ணைத் துடைப்பார்கள்.

மேலே உருகியது. கீழே ஒன்றும் அசையவில்லை.

“கேட்டுச்சா? கேக்கலல்லா? அதத்தான் சொல்லுதேன்!” போனை நீட்டினார். “ஊர்ல கிட்டார் வச்சிருக்க அம்புட்டுப் பேரும் இந்தக் குரூப்புல இருக்காவ. பேசிப் பதிஞ்சாச்சு. ஒரு அமுக்குதான். நாளையிலருந்து அவன் கடையில ஈ கூட உக்காராது.”

“என்ன பேசியிருக்கீங்க?”

போட்டுக் காட்டினார். போனுக்குள் இன்னொரு மெல்கியோர் கத்தினார்: “சேசடிமைங்குதவன் ஏமாத்துக்காரன்! அவன்ட்ட ஒருத்தரும் கிட்டாரக் குடுக்காதீங்க!”

“அவருக்கு வேற தொழில் தெரியுமாண்ணே?”

“அது என் கவலையா டீச்சர்?”

டீச்சர் கிட்டாரை வாங்கி மடியில் வைத்தார். கூம்பைத் தட்டிப் பார்த்தார். கம்பிகளின் அடியில் விரலை ஓட்டினார்.

“வேலை சுத்தமா இருக்கே.”

“சுத்தமா!” மெல்கியோர் துள்ளி எழுந்தார். “‘வேலை சுத்தமா இருக்கே’யாம்! நீங்களும் அவன் கட்சியா? நியாயம் கேக்க வந்தா இங்கயும் இதே கதையா?”

டீச்சர் ஏதோ ஞாபகம் வந்தவர்போல வாய்க்குள் முனகிக்கொண்டே, பன்னிரண்டில் ஒரு கம்பியின் முறுக்காணியை மெதுவாகத் திருகினார். நான் இங்கே கொதிக்கிறேன், இவர் ஆணி திருகுகிறாரே என்று மெல்கியோருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கிட்டாரை ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டு டீச்சர் எழுந்தார்.

“டீ போடுதேன். குடிச்சிட்டு அமுக்குங்க.”

டீ வந்தது. மெல்கியோர் அதையும் கோபமாகவே உறிஞ்சினார். கட்டைவிரல் போன்மேல் தயாராக இருந்தது.

தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது.

“சாளேஏஏஏஏஏ...”

சாளை மீன் விற்கிற சூசை. தினமும் இந்த நேரத்துக்கு வருகிறவர். ஜன்னலுக்குக் கீழே நின்று மூச்சு முட்ட இழுத்தார்.

மேசைமேல் ‘ஙீஈஈஈ’ என்று ஒரு முனகல். சூசை வாயை மூடிய பிறகும் அது நிற்கவில்லை.

மெல்கியோர் குனிந்து பார்த்தார். கிட்டாரின் பக்கத்தில் யாருமில்லை. ஒரு கம்பி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு ஓடினார். “வே, இன்னொரு தடவ கூப்பிடும்!”

“எத்தன கிலோ வேணும்?”

“ஒண்ணும் வேண்டாம், கூப்பிடும்வே!”

“கிறுக்குப் பிடிச்சிட்டா?” என்று சொல்லிவிட்டு, சூசை கூப்பிட்டார்.

கம்பி திரும்பவும் பாடியது.

மெல்கியோர் கம்பியை முறைத்தார். “மீன்காரனுக்குப் பாடுது! எனக்குப் பாட மாட்டேங்குது!” சட்டென்று திரும்பினார். “நீங்க முறுக்கினீங்க! நான் பாத்தேன்! அவர் தொண்டைக்குன்னு கம்பிய முறுக்கி வச்சிட்டீங்க. இது போங்கு டீச்சர், சுத்தப் போங்கு!”

“ஆமா. முறுக்கினேன்.”

“அப்போ எனக்கும் முறுக்குங்க!”

“முறுக்காம இருப்பேனா?” டீச்சர் கிட்டாரை எடுத்து அவர் மடியில் கிடத்தினார். இரும்பைக் கையில் கொடுத்தார். “சூசை என்னைக்கும் அதே சுரத்தப் பிடிச்சு, அதுலயே நிக்காரு. அதனால எதுக்கு முறுக்கணும்னு எனக்குத் தெரிஞ்சுது. நீங்களும் ஒரு சுரத்துல நின்னு காட்டுங்கண்ணே. அதுக்கே முறுக்கித் தாரேன்.”

மெல்கியோர் இரும்பைக் கம்பிமேல் வைத்தார். கை ஆட ஆரம்பித்தது. மற்றக் கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மேசையில் போனின் வெளிச்சம் தானாக அணைந்தது.