தொட்டிக்குப் போர்த்திய சேலை

செண்பகவல்லி மீன் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, தேங்காய் நாரால் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நேற்றும் தேய்த்த இடம்தான். விடிந்து பார்த்தால் மறுபடி பச்சை.

தொட்டியில் இப்போது ஒரே ஒரு கறுப்பு மீன். மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்துவிட்டன. "இதுவும் போச்சுன்னா தொட்டியைத் தூக்கி மொட்டை மாடியில போட்டுருவேன்" என்று அவள் புருஷன் சொல்லிவிட்டான்.

போனால் போகட்டும் என்றிருக்க அவளால் முடியவில்லை. மகள் இனியாவுக்கு மூன்று வயது நெருங்குகிறது. இன்னும் ஒரு சொல் பேசவில்லை. அந்த மீனுக்கு முன்னால் உட்காரும்போது மட்டும் உதடு அசையும். சத்தம் வராது. ஆனாலும் அசையும்.

"சொல்லு கண்ணு. மீ...ன். சொல்லு, சொல்லு."

கை தேய்க்கத் தேய்க்க வாய் இதையே சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது.

வாசலில் மாடி வீட்டு மங்கையர்க்கரசி வந்து நின்றாள். சாயங்காலம் காம்பவுண்டுப் பெண்கள் நாலைந்து பேரை உட்கார வைத்து, கண்ணை மூடிச் சும்மா இருக்கச் சொல்லித் தருகிறவள். செண்பகத்தைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட. கேலிக்கு வைத்த 'குருவக்கா' என்ற பேர் அவளுக்கு நிலைத்துவிட்டது.

"என்னட்டி, நேத்து ஆளக் காணோம்?"

"எங்க வர? இந்தப் பாசி என்னைப் பாடாப் படுத்துது. தண்ணியை முழுக்க மாத்துதேன். கல்லையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுதேன். பம்புல அழுக்குப் பிடிக்குத பஞ்சைக் குழாயில வெளுக்கப் பிழியுதேன். அடங்க மாட்டேங்கு. இதை ஒழிக்க ஒரு வழி சொல்லுங்கக்கா."

"எந்தப் பாசி?"

"பாசின்னா பாசிதான். அதுல என்ன குலமா, கோத்திரமா?"

குருவக்கா தொட்டிக்குள் விரலை விட்டாள். கண்ணாடியில் தடவியது மாவு மாதிரி வந்தது. செடியில் உருவியது நூல் நூலாக வந்தது. கல்லில் உரித்தது பாலாடை போல வழுவழுவென்று வந்து சேற்று வாடை அடித்தது.

"இத்தனை நாள் தேய்ச்சியே. ஒரு தடவையாவது பாத்தியா?"

செண்பகம் கையை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"லைட்டை எப்போ அணைப்ப?"

"எங்க அணைக்க? இவ பாக்கணும்லா."

"இரை யாரு போடுதா?"

"எல்லாருந்தான். அவரு கடைக்குக் கிளம்பும்போது ஒரு சிட்டிகை. அத்தை கோயில் தெப்பத்துல பொரி போட்டுட்டு மிச்சத்தை இங்க கொட்டுவாவ. புண்ணியமாம். பொறவு நான். பசியில வாயைத் தொறந்து தொறந்து மூடுது. பாத்துக்கிட்டு எப்படி இருக்க?"

"அது பசியில்லட்டி, மூச்சு."

செண்பகம் மீனைப் பார்த்தாள். அது வாயைத் திறந்து மூடியது.

குருவக்கா தண்ணீரில் கால்வாசியை எடுத்துவிட்டு, முந்தின நாள் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றினாள். லைட்டை அணைத்தாள். பழைய கறுப்புச் சேலை ஒன்று கேட்டு வாங்கித் தொட்டியை மூடினாள்.

"பம்பு ஓடட்டும். வெள்ளிக்கிழமை வாரேன். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு பொரி போடப்படாது. நீ கையே வைக்கப்படாது."

"செத்துப் போயிராதா அக்கா?"

"செத்ததெல்லாம் சும்மா விட்டா செத்துச்சு?"

"அப்போ நான் என்னதான் செய்ய?"

"சும்மா இரு."

சும்மா இருப்பது லேசா? கை பரபரத்தது. கழுவின பாத்திரத்தை இன்னொரு தடவை கழுவினாள். மடித்த துணியைக் கலைத்து மடித்தாள். சேலை நுனி வரை போய்ப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"வாயில்லா சீவனைப் பட்டினி போட்டுட்டு நமக்கு மட்டும் சோறு இறங்குமாக்கும்" என்றாள் மாமியார், பொரிப் பையும் கையுமாக.

"தெப்பத்துலயே எல்லாத்தையும் போட்டுட்டு வாங்க அத்தை."

இனியா வழக்கம்போல வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தது. காட்ட மீன் இல்லை. 'மீன் சொல்லு' என்று கேட்க என்ன இருக்கிறது? செண்பகமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலைக்குள் பம்பு களகளவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை நகர்ந்து வந்து மடியில் ஏறிக்கொண்டது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

வெள்ளிக்கிழமை குருவக்கா வந்தபோது பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. சேலையை எடுத்தார்கள். தண்ணீர் தெளிந்திருந்தது. நூல் பாசி வெளுத்துக் கழன்று கிடந்தது. கறுப்பு மீன் கல்லுக்குப் பின்னால் எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

செண்பகம் எட்டிப் பார்த்தாள். உடனே நாரை எடுத்தாள்.

"அக்கா, அங்க இன்னும் கொஞ்சம் பச்சை ஒட்டியிருக்கு."

"அதைத்தான் தின்னுக்கிட்டு இருக்கு."

நார் தண்ணீருக்கு மேலேயே நின்றது.

"தொட்டி தெளிஞ்சிட்டு" என்றாள் செண்பகம். குரல் இறங்கியிருந்தது. "இவளுக்கும் ஒரு வழி சொல்லுங்கக்கா. காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லு சொல்லுன்னு தொண்டை வத்துது எனக்கு."

"சேலை போட்ட பொறவுமா?"

"இல்ல... காட்ட மீன் இல்லயே. சும்மாதான் உக்காந்திருந்தோம். மடியில ஏறிக்கிட்டு என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பா. அப்போ அக்கா, இத்தனை நாளும் நான்தான் இவளை..."

உள்ளேயிருந்து தூக்கம் கலைந்த குரல் ஒன்று வந்தது.

"ம்மா."

செண்பகம் அப்படியே நின்றாள். அவள் விரல்களைப் பிரித்து, நாரை மெல்ல வாங்கிக்கொண்டாள் குருவக்கா.

"உள்ள போ ட்டி. யாரையோ கூப்பிடுதாவ."