வற்றிய ஏரியில் பவளம்

மலைகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலம் அது. அல்லிநாட்டில் ஒரே ஒரு ஏரி இருந்தது. குடிக்க, குளிக்க, நாற்று நட எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

அந்த ஏரியில்தான் அலர்மேலுவின் ஏழு வயது மகள் பவளம் பூப்பறிக்கப் போய் மூழ்கிப்போனாள். உடல்கூடக் கிடைக்கவில்லை. மூன்று நாள் கரையிலேயே கிடந்த அலர்மேலு, மண்ணை வாரித் தண்ணீரில் எறிந்தாள். "நீ வற்றிப்போ" என்றாள்.

கருவேலன் என்ற மந்திரவாதி அதைக் கேட்டான். பிறர் கண்ணீரைக் குடித்தே உயிர் வாழ்பவன் அவன். "வற்ற வைக்கிறேன். நீயாக 'வா' என்று கூப்பிடும்வரை ஒரு சொட்டும் திரும்பாது" என்று கோலால் கரையைத் தட்டினான்.

ஏரி வற்றியது. நட்டநடுவில், பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பவளம் உட்கார்ந்திருந்தாள்.

அலர்மேலு ஓடிப்போய் அள்ளிக்கொண்டாள். கருவேலன் சிரித்தான். "ஏரி காய்ந்திருக்கும்வரை இவள் உனக்கு. தண்ணீர் வந்தால் அதோடு போய்விடுவாள்."

அலர்மேலு ஏரிக்குள்ளேயே குடிசை போட்டாள். மகளுக்குத் தலை வாரினாள், பாட்டுச் சொன்னாள். பவளம் மட்டும் ஓயாமல், "அம்மா, தாகமா இருக்கு" என்பாள்.

பானைகளில் சேர்த்திருந்த தண்ணீரை ஊர் சொட்டுச் சொட்டாகக் குடித்தது. முதல் மாதம் வயல் கருகியது. உழவர்கள் வந்து கும்பிட்டார்கள். அலர்மேலு குடிசைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாம் மாதம் மாடுகள் விழுந்தன. ராஜாவே நடந்துவந்து கேட்டார். அப்போதும் மகளை அணைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். மூன்றாம் மாதம் பக்கத்து வீட்டுப் பொன்னி, பிறந்து பத்து நாளான குழந்தையோடு வந்தாள். குழந்தை அழுதது, கண்ணீர் வரவில்லை.

"எனக்குப் பால் வத்திப்போச்சுக்கா. உன்கிட்ட எதையும் கேட்க எனக்கு வாய் வரல. தூக்கி நிக்கத் தெம்பில்ல, இவளைக் கொஞ்சம் வச்சுக்கோ."

அலர்மேலு வாங்கிக்கொண்ட குழந்தையைப் பவளம் எட்டிப் பார்த்தாள். "பாப்பாவுக்கும் தாகமாம்மா?"

"ஆமாடி."

"அப்பத் தண்ணியக் கூப்பிடு."

"கூப்பிட்டா நீ போயிடுவியே, கண்ணு."

பவளம் யோசித்தாள். "நான் மொதல்ல குடிச்சுக்கிறேன். அப்புறம் போறேன்."

அலர்மேலு குழந்தையைப் பொன்னியிடம் கொடுத்துக் கரையேறச் சொன்னாள். மகளின் பின்னலை அவிழ்த்து, இறுக்கமாகத் திரும்பப் பின்னினாள். பிறகு, "வா" என்றாள்.

கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. பவளம் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள். "இனிக்குதும்மா" என்றாள். அலர்மேலு அணைத்துக்கொண்டாள். அணைத்த கைகளுக்குள் தண்ணீர்தான் இருந்தது.

அவள் கண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஏரியில் கலந்தது. தண்ணீரைக் கண்ட மகிழ்ச்சியில் ஊரே சிரித்தது. குடிக்கக் கண்ணீர் கிடைக்காத கருவேலன் வெடித்துப் புழுதியாய் உதிர்ந்தான். தண்ணீர் அலர்மேலுவை மெல்லத் தூக்கிக் கரையில் விட்டது.

பொன்னியின் குழந்தை பிழைத்தது. "என்ன வேண்டும், கேளம்மா" என்றார் ராஜா. வழுக்காத படித்துறை ஒன்று கட்டித்தரச் சொன்னாள்.

பிள்ளைகள் குளிக்கும்போதெல்லாம் கடைசிப் படியில், இடுப்பளவுத் தண்ணீரில் அலர்மேலு நின்றாள். அதற்குப் பிறகு அந்த ஏரி ஒரு பிள்ளையையும் கொண்டுபோகவில்லை.