கீரன் சொன்ன இசைவு

கடற்கரை உப்பை வண்டியில் ஏற்றிப்போய், மலையோரத்து ஊர்களில் நெல்லாக மாற்றிய காலம் அது. கொஞ்சம் காது கொடுங்கள்.

அந்த உப்பு வணிகர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வழி பிரிந்தாலும், விலை படிந்தாலும், பெண் கொடுத்தாலும், தலைவன் தித்தன் ஒவ்வொரு வண்டியாக வந்து கேட்பான். “இசைவு” என்று எல்லோரும் சொன்னால்தான் காரியம் நடக்கும். ஒரே ஒருத்தர் மறுத்தாலும் அத்தனை பேரும் நிற்க வேண்டும்.

கடைசி வண்டி கீரனுடையது. தாய் தகப்பன் கிடையாது, பாவம். மறுத்துப் பேசினால் வழியில் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று அவனுக்கு ஓயாத பயம்.

“கீரா, நீ கடைசியில வா, புழுதி கொஞ்சம் அடிக்கும்” என்றார்கள். இசைவு என்றான். “உன் நல்ல மாட்டை எனக்குக் கொடு, என் கிழட்டு மாட்டை எடுத்துக்கோ” என்றான் ஒருத்தன். அதற்கும் இசைவு. அவன் மனசுக்குள் வைத்திருந்த பெண்ணை வேறொருவனுக்குப் பேசினார்கள். அன்றைக்கும் சிரித்த முகத்தோடு இசைவு என்றான். மடையன்!

அவனை யாருக்கும் பிடிக்காமல் இல்லை. ஆனால் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. போகப் போக, “அவன் சரின்னுதானே சொல்வான்” என்று தித்தன் கடைசி வண்டிக்கு வருவதையே விட்டுவிட்டான். கீரனுக்கு நெஞ்சு வலித்தது. அதையும் சொல்லவில்லை.

ஒருநாள் வறண்ட ஆறு ஒன்று குறுக்கிட்டது. கரையில் மாடு மேய்த்தவர், கடைசியாக வந்த கீரனிடம், “தம்பி, மேல்மலையில மழை கொட்டித் தீர்த்திருக்கு. ஆத்துல இறங்கிடாதீங்க” என்றார்.

அதற்குள் முன்னே எல்லோரும் இசைவு சொல்லி முடித்திருந்தார்கள். கீரன் மூச்சிரைக்க ஓடினான்.

“எனக்கு இசைவில்லை!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “யாரு, நம்ம கீரனா? வெயில் தலைக்கு ஏறிடுச்சு!” தித்தன் அவன் தோளில் கைபோட்டான். “என்னப்பா, சும்மா சொன்னியா?”

இத்தனை முகங்கள் அவனைப் பார்த்ததே இல்லை. மாட்டுக்காரர் சொன்னதை விழுங்கிவிட்டுக் கீரனும் சிரித்துவைத்தான்.

“ஆமாண்ணே, சும்மாதான்... இசைவு.”

வண்டிகள் இறங்கின. நடு ஆற்றுக்குப் போவதற்குள் வெள்ளம் வந்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டு, உயிர் பிழைத்தால் போதும் என்று அக்கரை ஏறினார்கள். ஒரு வருடத்து உப்பு தண்ணீரோடு போயிற்று.

கீரன் அழுதுகொண்டே மாட்டுக்காரர் சொன்னதைச் சொன்னான்.

“தெரிஞ்சுமாடா சும்மா இருந்த?” என்று தித்தன் கத்தினான்.

“இசைவில்லைன்னு சொன்னேனேண்ணே.”

“சொன்ன. உடனே இசைவுன்னும் சொன்ன. நாங்க எதைடா எடுத்துக்கிறது?”

கீரன் ஈர மணலில் தனியே உட்கார்ந்தான். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவனருகே யாரும் வரவில்லை.

மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கத் துணியாதவன் சொல்லும் இசைவு, அவனையும் காக்காது, அடுத்தவரையும் காக்காது.